கம்பளி நூல் கட்டிய வாரம்

பவ்லினா டீச்சரின் மணிக்கட்டில் அந்த நூலைக் கட்டியவள் நான்தான். மார்ச் ஒன்றாம் தேதி, காலை பத்தேகால் மணி. அவருக்கு ஊசி போட்ட நேரத்தைத் தாளில் எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, உடனே கட்டினேன். அதனால் நேரம் சரியாகத் தெரியும்.

எங்கள் ப்ளோவ்திவ் நகரில் அன்றைக்கு நூல் இல்லாத கையைப் பார்க்க முடியாது. சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல், மார்தெனிட்சா என்போம். இந்த வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்கணும் என்று சொல்லி ஒருவர் இன்னொருவருக்குக் கட்டிவிடுவார். நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது. நான் ஒரு தோல் மருத்துவமனையின் அரிப்புப் பிரிவில் பதிவேடு எழுதுகிறேன். அன்று ஊசி நாள், பதினான்கு நோயாளிகளும் வருவார்கள், ஆளுக்கொன்று கட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லவில்லை. சந்தையில் இரண்டு வகை இருந்தன: பளபளவென்று செயற்கை நூல், சொரசொரப்பான ஆட்டுக் கம்பளி. கம்பளிதான் அசல் என்று அதை வாங்கினேன். டாக்டருக்குக் கட்டினேன், நர்ஸுக்குக் கட்டினேன், எனக்கும் கட்டிக்கொண்டேன். அரிப்பு நோயாளியின் தோலில் போய்க் கம்பளியைக் கட்டுகிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நோயாளிகளுக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் சிரித்த முகத்தோடு கையை நீட்டினார்கள்.

பவ்லினா டீச்சருக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நான்கு வருடமாக அரிப்பு. சொறிந்து சொறிந்து கைகால் முழுவதும் கடலைப் பருப்பு அளவில் கெட்டி முண்டுகள். போன இலையுதிர் காலத்தில், டீச்சருக்குச் சொறி, பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று பெற்றோர்கள் கிளப்பிவிட்டார்கள். ஒட்டாது என்று சான்றிதழ் கொடுத்தும் பள்ளி அவரை நூலகத்துக்கு மாற்றியது. "புஸ்தகத்துக்கு ஒட்டினா பரவாயில்லையாம்" என்று முதல் நாள் எங்களிடம் சொன்னார். நான் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் தாளைப் புரட்டினேன்.

டிசம்பரில் எங்கள் ஆய்வில் சேர்ந்து புது ஊசி போட ஆரம்பித்தார். பிப்ரவரியில் வகுப்புக்குத் திரும்பினார். ஆய்வின் விதி எளிது. தினமும் சாயங்காலம் அரிப்பு எவ்வளவு என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட வேண்டும். அவர் தொடங்கியது ஒன்பதில். பன்னிரண்டாவது வாரத்தின் சராசரி ஐந்தாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் இன்னும் ஒரு வருடம் மருந்து கிடைக்கும். இல்லையென்றால் அதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அரிப்பு திரும்பும், திரும்பினால் நூலகம். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பன்னிரண்டாவது வாரம் மார்ச் ஒன்றில் தொடங்கி ஏழில் முடிந்தது.

எட்டாம் தேதி மதிப்பெண் புத்தகத்தோடு வந்தார். மகளிர் தினம், டாக்டர் சவோவாவின் மேசை முழுவதும் கார்னேஷன் பூக்கள், எழுதக்கூட இடமில்லை. நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆறு, ஏழு, ஏழு, ஆறு, ஏழு, ஏழு, ஏழு. பிப்ரவரி கடைசி வாரத்தில் ஐந்துக்குக் கீழே இருந்தவர்.

"என்ன ஆச்சு டீச்சர்?"

"தெரியலம்மா. திடீர்னு கை ரெண்டும் பத்தி எரியற மாதிரி அரிக்குது. மருந்துக்கு என் மேல கோவமோ என்னவோ."

சட்டைக் கை இரண்டையும் மேலே இழுத்தார். நான் கட்டியது மணிக்கட்டில் இருந்தது. அதற்கு மேலும் மறு கையிலும் முழங்கை வரைக்கும் வரிசை வரிசையாக இருபத்துமூன்று கம்பளி நூல்கள், வகுப்புப் பிள்ளைகள் கட்டியவை. நூலுக்கும் நூலுக்கும் இடையில் தோல் சிவந்து தடித்திருந்தது.

என் கையிலும் அதே நூல்தான். எனக்கு ஒன்றுமே செய்யவில்லை.

அப்போதே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் நினைப்பது தவறாக இருக்கலாம் என்று ஒரு பக்கம். சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்குக் கூப்பிடுகிறோம் என்று டீச்சரை அனுப்பிவிட்டேன்.

அன்று ஆறு மணிக்கு மாலைக் கல்லூரியில் உயிரியல் வகுப்பு. எர்ஜான் என் பக்கத்து இருக்கை. பகலில் வீடு வீடாகப் போய்த் திருட்டு அலாரம் மாட்டுவான். பாடத்தை விட்டுவிட்டு அவனிடம் எங்கள் பிரிவில் தினமும் கேட்கிற கதையைச் சொன்னேன். தோலுக்குள் காவல் செல்கள் இருக்கின்றன. அவை கிளம்பினால் சில புரதங்களை விடும். அவற்றைப் பிடிப்பதற்கென்றே நரம்பு நுனியில் ஏற்பிகள் உண்டு. பிடித்ததும் நரம்பு மூளையிடம் அரிக்கிறது என்று சொல்லும். நாம் சொறிவோம். கிழிந்த தோல் இன்னும் காவல் செல்களைக் கூப்பிடும். நரம்பும் சும்மா இருப்பதில்லை, தன் நுனியிலிருந்து எதையோ விட்டு அந்தச் செல்களைத் தூண்டிவிடும். நான்கு வருடம் கழித்து யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஊசி அந்தப் புரதங்களில் ஒன்றை நரம்பிடம் போய்ச் சேராமல் தடுக்கிறது.

"சரி, தடுத்தாச்சுல்ல? அப்புறம் ஏன் நூல் பட்டா அரிக்குது?" என்றான்.

"அதான் எனக்கும் புரியல. தோல் நல்லா ஆறிட்டு வருது. பழைய முண்டெல்லாம் தட்டையாயிடுச்சு."

"எங்க வேலையில இது தினம் பாக்கறதுதான். ஒரு வீட்ல நாலு தடவை திருடன் வந்துட்டான்னு வெச்சுக்கோ. வீட்டுக்காரர் பயந்துபோய் சென்சாரைத் திருகித் திருகி ஏத்தி வெச்சுடுவார். அப்புறம் திருடனைப் பிடிச்சு உள்ள போட்டாச்சு. ஆனா ஜன்னல்ல பூனை ஏறினாக்கூட அலாரம் ஊரையே கூட்டும்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பூனையைத் திட்டுவோம்."

"போடா."

"நெஜமாத்தான். வீட்டுக்காரர் திருகைக் குறைக்க விடமாட்டார். அவருக்கு நம்பிக்கை வர மாசக்கணக்காகும்." பிறகு என் கையைப் பார்த்தான். "ஏய், நீ யார் வீட்டுக்குள்ள பூனையை விட்ட?"

"பதினாலு வீட்ல."

அவன் விசில் அடித்தான். முன்வரிசைப் பெண் திரும்பி முறைத்தாள்.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போய்ப் பதினான்கு பேரின் தாள்களையும் மேசையில் விரித்தேன். திருகு குறைந்த வீட்டில் பூனையால் அலாரம் அடிக்காது. எர்ஜான் சொன்னது சரியென்றால் நூல் எல்லாருக்கும் அரித்திருக்காது, நரம்பு அடங்காதவர்களுக்கு மட்டுமே அரித்திருக்கும். அதைச் சரிபார்க்க எங்களிடம் ஓர் அளவு இருந்தது. மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால், நல்ல தோலில் தொடங்கி முண்டை நோக்கி மெதுவாக வருடிக்கொண்டே வருவோம். தூரிகை பட்டாலே அரிக்கத் தொடங்குகிற இடத்தில் நோயாளி நிறுத்தச் சொல்வார். அங்கிருந்து முண்டுவரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்போம். நரம்பு எவ்வளவு முறுக்கேறியிருக்கிறதோ அவ்வளவு தூரம்.

பிப்ரவரி அளவுகளை ஒரு வரிசையிலும் மார்ச் முதல் வார மதிப்பெண்களைப் பக்கத்திலும் எழுதினேன். ஒன்பது பேருக்கு நூல் ஒன்றும் செய்யவில்லை. ஐந்து பேருக்கு மதிப்பெண் எகிறியிருந்தது. அந்த ஐந்து பேருக்கும்தான் பிப்ரவரியில் தூரிகை அளவு இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல். பவ்லினா டீச்சருக்கு முப்பத்தொன்று. தப்பாக எழுதிவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து எழுதினேன். அதே ஐந்து பேர்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நூல்தான் கெடுத்தது என்று மட்டும் சொன்னால் டீச்சருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கலாம். ஆனால் என் இரண்டாவது வரிசை வேறு ஒன்றையும் சொன்னது. நரம்பு அடங்கியவர்களுக்கு அரிக்கவில்லை, அடங்காதவர்களுக்கு அரித்தது. அப்படியென்றால் டீச்சரின் ஏழு பொய்யான ஏழு இல்லை. இந்த இரண்டாவது தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன்.

டாக்டர் சவோவா வந்ததும் நூல் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் மணிக்கட்டில் நான் கட்டியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷமா தோல் டாக்டரா இருக்கேன் நெவியானா. நீ கம்பளியைக் கொண்டுவந்து நோயாளி கையில கட்டறே, நான் பக்கத்துல நின்னு 'ஆகா, அழகா இருக்கு'ன்னேன்."

"தப்பு என்னோடதுதான் டாக்டர். வாங்கினது, கட்டினது ரெண்டும் நான்."

"கையை நீட்டினது நான். விதிமீறல் படிவத்துல ரெண்டு பேர் பேரையும் எழுது."

எழுத உட்கார்ந்தேன். முதல் வரி எழுதியதும் கை நின்றுவிட்டது.

"டாக்டர், இன்னொண்ணும் இருக்கு." மடித்த தாளைக் கொடுத்தேன். "நூல் எல்லாருக்கும் அரிக்கல. அப்படீன்னா டீச்சர் போட்ட மார்க் நிஜந்தானே? அவங்களுக்கு இன்னும் குணமாகல."

அவர் இரண்டு தரம் படித்தார். "குணமாயிடுச்சுன்னு யார் சொன்னா? மருந்து தோல்ல இருக்கற கூட்டத்தைக் கலைக்குது. நரம்பு அடங்க அதைவிட நாளாகும். அதுக்குத்தானே ஒரு வருஷம் கேக்கறோம்."

"ஆனா விதி அதைக் கேக்கலையே. அஞ்சா இல்லையான்னுதான் கேக்குது."

"ஆமா."

"இதையும் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினா, டீச்சருக்கு மருந்து வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னாலும் சொல்லுவாங்க." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டையும் அனுப்பு. நமக்குத் தோதான பாதியை மட்டும் அனுப்பறதுக்கு வக்கீல் இருக்காங்க."

அனுப்பினேன். பொத்தானை அழுத்திய பிறகு டீச்சரின் வேலையை நானே பறித்துவிட்டேன் என்று நிச்சயமாக நம்பினேன். அந்த நம்பிக்கையோடு இரண்டு நாள் கழிந்தது. பதினொன்றாம் தேதி ஆய்வுக் குழுவிடமிருந்து பதில் வந்தது. ஐந்து பேரும் பன்னிரண்டாம் தேதியிலிருந்து பதினெட்டுவரை மறுபடி மதிப்பெண் போடலாம். தோலில் கம்பளி இருக்கக் கூடாது. ஏழு நாளில் குறைந்தது ஐந்து நாளாவது எழுதியிருக்க வேண்டும். ஒரு நாளின் மதிப்பெண்ணை அன்றே எழுத வேண்டும், பின்னால் நினைவிலிருந்து எழுதக் கூடாது. என் இரண்டாவது தாளைப் பற்றி நன்றி என்று ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான்.

டீச்சர் அன்று மாலையே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

"உன்னோடதை அவிழ்த்துக்கோ. மத்ததை அவிழ்க்க முடியாது."

"ஏன் டீச்சர்?"

"தினம் காலையில எண்ணறாங்கம்மா. ஸ்லாவின்னு ஒருத்தன் இருக்கான், முன்பல் ரெண்டும் இல்ல. வாசல்லயே என் கையைப் பிடிச்சு, 'டீச்சர், என்னுது எங்கே?'ன்னு முழங்கை வரைக்கும் தேடுவான். அது கண்ணுல பட்டாத்தான் கிளாஸுக்குள்ள போவான். இன்னும் ஒரு நாரைகூட வரல, ஒரு மரம்கூடப் பூக்கல. எங்கேன்னு கேட்டா என்ன சொல்ல?"

"அரிக்குதுன்னு சொல்லுங்களேன்."

"சொல்லலாம். சாயங்காலம் பெத்தவங்க வைபர் குரூப்புல 'மறுபடி ஆரம்பிச்சிடுச்சு'ன்னு போடுவாங்க. இந்தத் தடவை நூலகத்துலகூட இடம் இருக்காது."

"நான் வேணா பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசவா?"

"நீயா? வெள்ளைக் கோட்டைப் பாத்தா ஊசின்னு நினைச்சு அத்தனையும் பெஞ்சுக்கு அடியில போயிடும்."

கையை நீட்டினார். என் முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்க நேரமானது. நூலுக்கு அடியில் தோல் வளையமாக உரிந்திருந்தது. ஒன்பதாம் தேதியே நான் ஓடிப்போய் அவிழ்த்திருக்கலாம். படிவத்தை முடிப்பதிலேயே குறியாக இருந்தேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, மதிப்பெண் தாளை வாங்கிக்கொண்டு போனார். மற்ற நூல்களை அவிழ்ப்பாரா மாட்டாரா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வாரம் மற்ற நான்கு பேரும் போன் செய்து சந்தேகம் கேட்டார்கள். டீச்சரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானாகக் கூப்பிட்டால் மதிப்பெண்ணில் தலையிட்டதாகிவிடும். கூப்பிடவில்லை.

பத்தொன்பதாம் தேதி வந்து கோட்டைக் கழற்றினார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

"அவிழ்த்துட்டீங்களா?"

"நான் எங்க அவிழ்த்தேன்? பன்னெண்டாம் தேதி முதல் பீரியட், கணக்கு. சட்டையை மடிச்சுவிட்டுக் கையைக் காட்டினேன். முண்டு, தழும்பு எல்லாத்தையும். 'டீச்சருக்கு ஒரு வியாதி, உங்க நூல் பட்டா அரிக்குது'ன்னேன். அஞ்சு நிமிஷம் கேள்விதான். 'ஒட்டுமா?' ஒட்டாது. 'வலிக்குமா?' வலிக்காது, அரிக்கும். 'அப்ப சொறிஞ்சுக்கறதுதானே?' சொறிஞ்சா இன்னும் அரிக்கும். 'இது என்னங்க டீச்சர் அநியாயம்'னான் ஸ்லாவி."

டாக்டர் உள்ளே இருந்து சிரித்தார்.

"அப்புறம் அவங்கவங்க நூலை அவங்கவங்கதான் அவிழ்க்கணும்னு ஒரே சண்டை. கத்தரிக்கோல் எடுத்தா வெட்டினா ஆகாதுன்னு ஒருத்தி அழறா. பல்லால இழுத்தாங்க. ஸ்லாவிக்குப் பல்லும் இல்ல, அவனுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு. கணக்கு பீரியடே போச்சு. எல்லாத்தையும் ஜன்னல் திரையில குத்தி வெச்சிருக்கோம்."

"பெத்தவங்க?"

"ரெண்டு பேர் போன் பண்ணினாங்க. ஒருத்தி தம்பிக்கும் இதே மாதிரி இருக்காம், எந்த டாக்டர்னு கேட்டா. இன்னொருத்தர் கேட்டது வேற. அதை விடு."

பையிலிருந்து ஒட்டப்பட்ட உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மேல்பக்கத்தில் சீட்டு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டிருந்தார்.

"தாள்ல வரிசையா எழுதல. நான் ரெண்டாங் கிளாஸுக்குக் கூட்டல் சொல்லித்தர்றவ. நேத்து எழுதினது கண்ணுல பட்டா, இன்னிக்கு எவ்வளவு போட்டா அஞ்சு வரும்னு மனசு தானா கணக்குப் போட்டுடும். அதான் தினம் ஒரு துண்டுச்சீட்டு. தேதி போட்டு, எழுதி, மடிச்சு, உண்டியல்ல போடற மாதிரி உள்ள தள்ளிட்டேன். மொத்தம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

உறையைக் கிழித்தேன். சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். பன்னிரண்டு: ஆறு. பதின்மூன்று: ஆறு. பதினான்கு: ஐந்து. பதினைந்து: ஐந்து. பதினாறு: நான்கு. அடுத்த சீட்டில் தேதி பதினெட்டு: நான்கு.

உறையைக் கவிழ்த்துத் தட்டினேன். விரலை விட்டுத் துழாவினேன்.

"பதினேழு எங்கே டீச்சர்?"

"இல்லையா?"

"இல்ல."

அவர் யோசித்தார். "பதினேழு... அக்கா பொண்ணு வந்திருந்தா. பனிட்சா செஞ்சோம், பாலாடைக்கட்டி போதாம கடைக்கு ஓடினேன். அப்புறம் பிள்ளைங்களோட டிக்டேஷன் திருத்தினேன். படுத்துட்டேன்." நிறுத்தினார். "எழுத மறந்துட்டேன் போல."

எனக்கு வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. வந்துவிட்டது, கேட்காமல் விட்டால் அந்தத் தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

"எழுதிட்டுக் கிழிச்சுப் போட்டீங்களா?"

அவர் முகம் சிவந்தது. வகுப்பில் யாரோ எழுந்து நின்று பேசக் கூடாததைப் பேசிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார், புறங்கை, உள்ளங்கை, முழங்கை.

"இல்லம்மா. ஞாபகம் வரல. நாலு வருஷமா இதுதான் என்னை ஞாபகப்படுத்திட்டே இருக்கும், நான் எங்க மறக்கறது? அன்னிக்கு அது கூப்பிடவே இல்ல." அடுக்கிய சீட்டுகளைக் காட்டினார். "அப்ப அது பூஜ்யம்தானே? பூஜ்யம்னு போட்டுக்கோயேன்."

"போட முடியாது டீச்சர். அன்னிக்கே எழுதாததை இன்னிக்கு எழுதக் கூடாது."

"இத்தனை நாள்ல நல்லா இருந்த ஒரே நாள் கணக்குல வராதா?"

"வராது."

ஆறு சீட்டுகளைக் கூட்டினேன். முப்பது. ஆறால் வகுத்தேன். ஐந்து. கணிப்பானில் ஒரு தரம், காகிதத்தில் ஒரு தரம். டீச்சர் தலைகீழாக என் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "சரியாத்தான் வகுத்திருக்க" என்றார்.

டாக்டர் தூரிகையோடு வந்தார். வருடிக்கொண்டே வந்து, டீச்சர் சொன்ன இடத்தில் நிறுத்தி அளந்தார். இருபத்தாறு மில்லிமீட்டர். "இன்னும் முறுக்குதான். அவசரமில்ல, இனிமே நமக்கு ஒரு வருஷம் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஊசித் தேதியைக் கேட்டதும், அன்றைக்குப் பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போக வேண்டும், இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்று டீச்சர் அவரோடு வாதாடத் தொடங்கினார். முடியும், இரண்டு நாள்வரை விதியில் இடம் இருக்கிறது.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றினேன். பதினேழாம் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் காரணம் எழுதச் சிறிய இடம் இருந்தது. 'மறந்துவிட்டார்' என்று எழுதினேன்.